சிதைந்த கோப்பு முறைமையும் தரவு மீட்பும்

பொருள் அழிதல் வேறு; பொருள் இருக்குமிடம் அறியப்படாது போதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால் விளையும் இழப்புகள் பல. பல்லாண்டு தொகுத்துவைத்த ஆய்வுக் குறிப்புகளும், கல்லூரியொன்றின் புள்ளிப் பதிவேடுகளும், மறைந்தோரின் நிழற்படங்களும் அடங்கிய வன்தட்டொன்று ஒருநாள் வெறுமையாகத் தோன்றுகின்றது. தட்டு சுழல்கின்றது, கணினியும் அதனை இனங்காண்கின்றது, ஆயின் உள்ளிருந்த கோப்புகளுள் ஒன்றேனும் கண்ணிற் படுவதில்லை. தட்டினைப் பயன்படுத்துதற்கு முன் வடிவமைத்தல் வேண்டும் என்றும், வடிவமைக்கலாமா என்றும் வினாவொன்று மட்டும் திரையில் எழுகின்றது. உரியவர் பதைப்புற்று அதற்கு உடன்படுவாராயின், அதுகாறும் மீட்கக்கூடியதாயிருந்த செல்வத்தைத் தம் கையாலேயே அழித்தவராதலுங் கூடும்.

இத்தகைய நிலையில் உண்மையாகச் சிதைந்தது யாது, சிதையாது எஞ்சியிருப்பது யாது, எஞ்சியதை எவ்வாறு மீட்கலாம், எவ்விடத்து அம்முயற்சி பயனற்றதாகும் என்பவற்றை முறையே விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்தட்டின் அமைப்பு

சுழலும் தட்டிற் காந்தக் குறிகளாகத் தரவைப் பதிந்துவைக்கும் கருவியை ஐ.பி.எம். நிறுவனத்தார் 1956 ஆம் ஆண்டில் முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதன்கண் 24 அங்குல விட்டமுடைய தட்டுகள் ஐம்பது இருந்தன. அவையனைத்தும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளையே கொள்ளத்தக்கனவாயிருந்தன. அக்கருவியின் நிறை ஒரு தொன்னினும் மிக்கது. இக்காலத்து வன்தட்டோ ஒரு கையில் அடங்குவது. எனினும் தத்துவம் மாறியதில்லை. தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல, அதன் மேற்பரப்பினின்றும் சில நனோமீற்றர் உயரத்தில் மிதந்து செல்லும் தலையொன்று காந்தக் குறிகளை வாசிக்கின்றது, எழுதுகின்றது.

தட்டின் மேற்பரப்பு வட்டத் தடங்களாகவும், ஒவ்வொரு தடமும் சிறு துண்டங்களாகவும் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு துண்டம் 512 பைற்றுகளைக் கொள்வது நெடுங்கால வழக்கு. அண்மைக் காலத் தட்டுகளில் 4096 பைற்றுகள் கொண்ட துண்டங்களும் உள. துண்டங்கள் யாவும் பூச்சியம் தொடங்கி வரிசையாக எண்ணிடப்பட்டவை. ஒரு தெராபைற்று கொள்ளும் தட்டில் 512 பைற்றுத் துண்டங்கள் ஏறக்குறைய 195 கோடி அடங்கும்.

ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. வன்தட்டுக்குத் துண்டத்தின் எண்ணையன்றி வேறொன்றுந் தெரியாது. இன்ன எண்ணுடைய துண்டத்தை வாசி எனின் வாசிக்கும். எழுது எனின் எழுதும். கோப்பின் பெயரையோ, அதன் அளவையோ, ஒரு கோப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதையோ அஃது அறியாது. அவ்வறிவு முழுவதும் அதே தட்டின் சில துண்டங்களில் எழுதிவைக்கப்பட்ட பட்டியல்களில் அடங்கியுள்ளது. அப்பட்டியல்களின் தொகுதியே கோப்பு முறைமை எனப்படும்.

கோப்பு முறைமை என்பது யாது?

கோப்பு முறைமைகள் பலவாயினும், அவற்றுள் எளிதில் விளங்குவது எவ்.ஏ.ரி. எனப்படும் முறைமையாகும். மைக்குரோசொவ்ற் நிறுவனத்தில் 1977 ஆம் ஆண்டளவில் உருவான இது, பல திருத்தங்களுடன் இன்றும் சிறு நினைவகக் குச்சிகளிலும் படப்பிடிப்புக் கருவிகளின் அட்டைகளிலும் வழங்குகின்றது. இம்முறைமையில் அடுத்தடுத்துள்ள துண்டங்கள் சில சேர்ந்து ஒரு கொத்தாகும். ஒவ்வொரு கோப்புக்கும் அடைவில் 32 பைற்று நீளமான பதிவொன்றுண்டு. கோப்பின் பெயர், அளவு, நாள் என்பவற்றோடு அதன் முதற்கொத்தின் எண்ணும் அப்பதிவிற் காணப்படும். எஞ்சிய கொத்துகளை அறிவிப்பது தனியேயுள்ள ஒதுக்கீட்டு அட்டவணையாகும்.

ஒரு கோப்பு 7, 8, 15, 16 ஆகிய நான்கு கொத்துகளில் இருப்பதாகக் கொள்வோமாயின், அடைவிலே 7 என்னும் எண் மட்டுமே இருக்கும். அட்டவணையின் 7 ஆம் இடத்தில் 8 எனவும், 8 ஆம் இடத்தில் 15 எனவும், 15 ஆம் இடத்தில் 16 எனவும், 16 ஆம் இடத்தில் முடிவைக் காட்டும் குறியும் எழுதப்பட்டிருக்கும். ஒன்றன் முடிவு அடுத்ததன் தொடக்கத்தைக் காட்டிச் செல்லும் இவ்வமைப்பு, தமிழில் அந்தாதி எனப்படும் தொடையை ஒத்திருத்தல் காணலாம்.

ஆயினும் இரண்டற்கும் வேறுபாடு ஒன்றுண்டு. அவ்வேறுபாட்டிலேயே சிக்கலின் வேர் இருக்கின்றது. அந்தாதி நூலொன்றின் ஏட்டுச்சுவடி கயிறு அறுந்து, ஏடுகள் கலைந்துபோயின், ஒவ்வோரேட்டிலும் உள்ள செய்யுளின் ஈற்றையும் முதலையும் பொருத்தி மீண்டும் நிரற்படுத்தலாம். தொடர்பு ஏட்டிலேயே பொதிந்துள்ளது. எவ்.ஏ.ரி. முறைமையிலோ தொடர்பு கொத்தில் இல்லை. வேறோரிடத்துள்ள அட்டவணையில் உள்ளது. அட்டவணை போயின், கொத்துகள் யாவும் இருந்தவிடத்தே இருப்பினும், எது எதனைத் தொடர்வது என்பதை அறிதற்கு வழியில்லாது போகின்றது.

இக்குறையைப் பின்வந்த முறைமைகள் வேறுவகையில் எதிர்கொண்டன. 1993 இல் விண்டோஸ் என்.ரி.யுடன் வெளிவந்த என்.ரி.எவ்.எஸ். முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் தலைமை அட்டவணையிற் பெரும்பாலும் 1024 பைற்று நீளமான தனிப்பதிவு உண்டு. கோப்பின் தரவு எக்கொத்திலிருந்து எத்தனை கொத்துகளுக்குத் தொடர்கின்றது என்னும் செய்தியும் அப்பதிவிலேயே அடங்கும். ஒவ்வொரு பதிவும் கோப்பு என்னும் பொருள்தரும் நான்கு ஆங்கில எழுத்துகளுடன் தொடங்குதலின், தலைமை அட்டவணையின் இருப்பிடம் அறியப்படாவிடினும், தட்டு முழுவதையும் தேடி அப்பதிவுகளை ஒவ்வொன்றாக இனங்காணல் இயலும்.

படிகளும் அவற்றின் இடமும்

முறைமையை வகுத்தோர், சிதைவு நேரும் என்பதை முன்னறிந்து முதன்மையான செய்திகளுக்குப் படிகள் வைத்துள்ளனர். எவ்.ஏ.ரி. முறைமையில் ஒதுக்கீட்டு அட்டவணை வழக்கமாக இருமுறை எழுதப்படுகின்றது. அதன் 32 பிற்று வகையில், தொடக்கத் துண்டத்தின் படி பெரும்பாலும் 6 ஆம் எண்ணுடைய துண்டத்தில் உள்ளது. என்.ரி.எவ்.எஸ். முறைமையில் தொடக்கத் துண்டத்தின் படி அப்பிரிவின் இறுதித் துண்டத்தில் வைக்கப்பட்டுள்ளது. லினக்ஸ் கணினிகளில் வழங்கும் எக்ஸ்ற் வகை முறைமைகளில், முறைமையின் அடிப்படை அளவுகளைக் கூறும் தலைமைத் தொகுதியின் படிகள் தட்டெங்கும் பரந்து கிடக்கின்றன. 4096 பைற்றுத் தொகுதிகள் கொண்ட முறைமையாயின் முதற்படி 32,768 ஆம் தொகுதியில் இருக்கும். படியின் இருப்பிடம் கணக்கினாற் பெறப்படுதலின், வேறெதுவுந் தெரியாதவிடத்தும் அதனைத் தேடியடையலாம்.

படி இருத்தல் மட்டும் போதாது. அஃது எங்கே இருக்கின்றது என்பதும் நோக்கற்பாலது. இதனை 1999 ஆம் ஆண்டு ஏப்பிரில் 26 ஆம் நாள் நிகழ்ந்த பேரிழப்பொன்று தெளிவுறக் காட்டிற்று. தைவானில் எழுதப்பட்டு 1998 இற் பரவத்தொடங்கிய சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல், அந்நாளில் விழித்தெழுந்து, தான் தொற்றியிருந்த கணினிகளின் வன்தட்டில் முதல் 1024 கிலோபைற்றுகளைப் பூச்சியங்களால் நிரப்பிற்று. சில கணினிகளில் தொடக்க நினைவகத்தையும் அது கெடுத்தது. 1024 கிலோபைற்று என்பது 2048 துண்டங்கள். பழைய 16 பிற்று முறைமையில் ஒதுக்கீட்டு அட்டவணை ஒவ்வொன்றும் 256 துண்டங்களை மிஞ்சுவதில்லை. ஆதலின் தட்டின் தொடக்கத்துள்ள பிரிவில் இரு படிகளும் முதல் 2048 துண்டங்களுள் அகப்பட்டு ஒருங்கே அழிந்தன. 32 பிற்று முறைமையிலோ பெரிய தட்டுகளில் முதலாம் படியே 2048 துண்டங்களைக் கடந்து செல்வது. ஆதலின் அதன் பின்னே நின்ற இரண்டாம் படி தீண்டப்படாது தப்பியது. அப்படியைக் கொண்டு முறைமையை மீளக் கட்டும் நிரலொன்றை அமெரிக்கரான ஸ்ரீவ் கிப்சன் எழுதி வெளியிட்டார். முற்றும் அழிந்தன எனக் கருதப்பட்ட தட்டுகள் பல அதனால் மீட்சி பெற்றன.

ஒரே அழிவு, இருவேறு முடிவுகள். ஒரு படி மற்றதன் அருகிலிருந்தவிடத்து இரண்டும் போயின. தொலைவிலிருந்தவிடத்து ஒன்று எஞ்சிற்று. படிக்கும் மூலத்துக்கும் இடையேயுள்ள தொலைவே ஈண்டுக் காவலாய் அமைந்தது.

சிதைவு நேரும் வகை

நச்சுநிரலினும் மிகுதியாகச் சிதைவை விளைப்பவை எளிய காரணங்களாகும். கோப்பொன்றை எழுதும்போது கணினி ஓரிடத்து மட்டும் எழுதுவதில்லை. கொத்துகளிலே தரவையும், அட்டவணையிலே தொடர்பையும், அடைவிலே பெயரையும் அளவையும் தனித்தனியே எழுதுதல் வேண்டும். இவற்றுள் ஒன்று முடிந்து மற்றது முடியாமுன் மின் தடைப்படினோ, இணைப்பு வடம் பிடுங்கப்படினோ, பட்டியல்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. இம்முரண்பாட்டைத் தவிர்த்தற்பொருட்டே, செய்யக்கருதியதை முதலிற் குறிப்பேடு ஒன்றில் எழுதிப் பின்னர்ச் செய்யும் முறை என்.ரி.எவ்.எஸ். முதலியவற்றில் அமைக்கப்பட்டது. ஆயினும் அக்குறிப்பேடு பெரும்பாலும் பட்டியல்களையே காக்கும். கோப்பின் உள்ளடக்கத்துக்கு அது பொறுப்பேற்பதில்லை.

காந்தப் பரப்பு பழுதுறுதல் இரண்டாவது காரணம். கோடிக்கணக்கான துண்டங்களுள் ஒன்று பழுதுறின் பொதுவாக ஒரு கோப்பின் சிறு பகுதியே கெடும். ஆனால் அத்துண்டம் தொடக்கத் துண்டமாகவோ தலைமை அட்டவணையின் முதற்பகுதியாகவோ அமைந்துவிடின் தட்டு முழுவதும் வாசிக்கவியலாததாகத் தோன்றும். பிரிவுகளைத் தவறுதலாக நீக்குதல் மூன்றாவது காரணம்.

கோப்பை நீக்குதலும் இவ்வகையினதே. எவ்.ஏ.ரி. முறைமையில் ஒரு கோப்பு நீக்கப்படும்போது, அதன் அடைவுப் பதிவின் முதற்பைற்று 229 என்னும் எண்ணாக மாற்றப்படுகின்றது. அட்டவணையில் அதற்குரிய இடங்கள் பூச்சியமாகின்றன. தரவைத் தாங்கிய கொத்துகளை எதுவுந் தீண்டுவதில்லை. அவை பிறிதொரு கோப்புக்கு ஒதுக்கப்படும் வரை அவ்வாறே கிடக்கும்.

பழுதுபார்த்தலும் மீட்டலும்

கோப்பு முறைமையைப் பழுதுபார்த்தலும் தரவை மீட்டலும் ஒன்றெனப் பலர் கருதுவர். இஃது இழப்பை மிகுவிக்கும் கருத்தாகும். விண்டோசிலும் லினக்சிலும் உள்ள சோதனை நிரல்களின் முதல் நோக்கம், முறைமையை முரண்பாடின்றி இயங்கச் செய்தலேயாகும். இரு பதிவுகள் ஒரே கொத்தைத் தமதெனக் கூறின், அந்நிரல் தீர்ப்பொன்றை அளித்தல் வேண்டும். பொருந்தாத பதிவை நீக்குதலும் அத்தீர்ப்பில் அடங்கும். உரிமையாளர் அறியப்படாத துண்டுகளை விண்டோஸ் நிரல் தொடரெண்களைப் பெயராகவுடைய கோப்புகளாக்கித் தனிக் கோப்புறையொன்றில் இடும். தீர்ப்பு முடிந்தபின் அட்டவணை தூய்மையாயிருக்கும். ஆயின் எந்தத் தடயங்களைக் கொண்டு பழைய நிரலை ஊகித்தறியலாமோ, அத்தடயங்களும் அதனுடனேயே போய்விடுதல் கூடும்.

மீட்டலின் நோக்கம் இதற்கு வேறானது. முறைமை மீண்டும் இயங்குதல் அதற்கு வேண்டற்பாலதன்று. சிதைந்த தட்டிற் புதிதாக ஒரு பிற்றும் எழுதாது, உள்ளதை உள்ளவாறே வாசித்து, வேறொரு தட்டிற் சேர்ப்பதே மீட்டலாகும். பழுதுபார்ப்பவர் எழுதுகின்றார், மீட்பவர் வாசிக்கின்றார். ஒன்று தவறாயின் திரும்பவியலாது. மற்றது தவறாயின் மீண்டும் முயலலாம்.

வடிவமைத்தலைப்பற்றியும் ஈண்டுக் கூறுதல் தகும். விரைவு வடிவமைப்பு புதிய வெற்றுப் பட்டியல்களை எழுதுகின்றதேயன்றித் தரவுக் கொத்துகளைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. அதன் பின்னரும் மீட்புக்கு இடமுண்டு. ஆயின் 2007 இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்ராவும் அதற்குப் பிற்பட்ட விண்டோசுகளும் முழு வடிவமைப்பின்போது தட்டு முழுவதிலும் பூச்சியங்களை எழுதுகின்றன. அதன் பின்னர் மீட்க ஒன்றுமில்லை. திரையில் எழும் ஒரு வினாவுக்கு இறுக்கும் விடையின் கனம் இதனால் விளங்கும்.

முதற்பணி படியெடுத்தல்

ஆதலின் மீட்புப் பணியின் முதற்படி, சிதைந்த தட்டை மேலும் பயன்படுத்தாது நிறுத்துதலாகும். வழக்கத்துக்கு மாறான தட்டொலி எழுமாயின் தலையோ பரப்போ பழுதுற்றிருத்தல் கூடும். மின்னை உடனே துண்டித்து, தூசியற்ற அறையும் உரிய கருவிகளும் உடையோரிடம் ஒப்படைத்தலே தக்கது. அத்தகைய குறி இல்லையாயின், தட்டின் முதல் துண்டம் தொடங்கி இறுதித் துண்டம் வரை, பொருள் யாதெனக் கருதாது, வேறொரு தட்டிற் படியெடுத்தல் வேண்டும். செக்கனுக்கு 100 மெகாபைற்று வீதம் வாசிக்கப்படின், ஒரு தெராபைற்றுத் தட்டைப் படியெடுக்க 10,000 செக்கன், அதாவது ஏறக்குறைய 2 மணி 47 நிமிடம் செல்லும். பழுதுற்ற துண்டங்கள் இருப்பின் பல நாள்களுஞ் செல்லலாம்.

இப்பணிக்கென அந்தோனியோ டியாஸ் என்பவர் எழுதிய டிடிறெஸ்கியூ என்னும் கட்டற்ற நிரல், பின்பற்றத்தக்க ஒழுங்கொன்றைக் கையாளுகின்றது. எளிதில் வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் வாசித்து, இடர்ப்படும் பகுதிகளைக் கடந்து செல்கின்றது. நலமுற்ற பகுதி யாவும் கைக்கு வந்தபின்னரே கடினமான பகுதிகளுக்கு மீண்டு, அவற்றைச் சிறுசிறு கூறாக முயல்கின்றது. வாசித்தன, வாசியாதன யாவும் தனிப்பட்டியலொன்றிற் குறிக்கப்படுதலின், இடையில் நிறுத்தி மறுநாள் தொடரலும் ஆகும். எளிய வினாக்களுக்கு முதலில் விடையெழுதிவிட்டு அரியவற்றுக்குப் பின்னர்த் திரும்பும் மாணாக்கனின் முறை இதுவாம்.

சிதைந்த தட்டை வாசிப்புக்கு மட்டும் எனக் குறித்து இணைத்தலும் எப்போதும் காவலாகாது. லினக்சின் எக்ஸ்ற் முறைமை, அவ்வாறு இணைக்கப்பட்டபோதும், முடிவுறாத குறிப்பேட்டுப் பணிகளை நிறைவேற்ற முற்பட்டுத் தட்டில் எழுதுதல் உண்டு. கோப்பு முறைமையாக இணைக்காது, வெறுந்துண்டங்களின் வரிசையாகவே படியெடுத்தலின் காரணம் இதுவே. பின்வரும் ஆய்வுகள் யாவும் அப்படியின்மீதே செய்யத்தக்கன.

முறைமையை மீளக் கணித்தல்

படி கைக்கு வந்தபின், முறைமையின் அடிப்படை அளவுகளை அறிதல் அடுத்த பணியாகும். தொடக்கத் துண்டமும் அதன் படியும் அழிந்தவிடத்தும் இவ்வளவுகளைக் கணக்கினாற் பெறலாம் என்பது வியப்புக்குரியது. எவ்.ஏ.ரி. முறைமையில் ஒவ்வொரு கோப்புறையின் முதற்பதிவும் ஒரு புள்ளியைப் பெயராகக் கொண்டது. அப்பதிவு அக்கோப்புறை தானே அமைந்துள்ள கொத்தின் எண்ணைக் கூறுவது. துண்டங்களைத் தேடிச் செல்பவர் அப்பதிவைக் காணுமிடத்து, அவர் நிற்குந் துண்டத்தின் எண் ஒன்று, கொத்தின் எண் ஒன்று என இரு செய்திகளை ஒருங்கே பெறுகின்றார்.

கொத்துகள் 2 தொடங்கி எண்ணப்படுவதால், தரவுப் பகுதி தொடங்குந் துண்டத்துடன், கொத்தெண்ணில் இரண்டைக் கழித்து ஒரு கொத்திலுள்ள துண்டங்களாற் பெருக்கிக் கூட்டின், அக்கொத்து அமைந்த துண்டம் வரும். இங்கே அறியப்படாதன இரண்டு: தரவுப் பகுதியின் தொடக்கம், கொத்தின் அளவு. ஆதலின் இரு கோப்புறைகள் அகப்படின் இரு சமன்பாடுகள் கிடைக்கும், இரண்டையுந் தீர்க்கலாம்.

எடுத்துக்காட்டாக, பிரிவின் 8240 ஆம் துண்டத்திற் காணப்பட்ட கோப்புறை தன்னை 5 ஆம் கொத்து எனவும், 9200 ஆம் துண்டத்திற் காணப்பட்ட பிறிதொன்று தன்னை 35 ஆம் கொத்து எனவும் கூறுவதாகக் கொள்க. கொத்துகளின் வேறுபாடு 30. துண்டங்களின் வேறுபாடு 960. எனவே ஒரு கொத்துக்கு 32 துண்டங்கள். 5 ஆம் கொத்துக்கு முன் மூன்று கொத்துகள், அதாவது 96 துண்டங்கள், இருத்தல் வேண்டுமாதலின் தரவுப் பகுதி 8144 ஆம் துண்டத்தில் தொடங்குகின்றது. மூன்றாவதொரு கோப்புறை தன்னை 50 ஆம் கொத்து எனக் கூறுமாயின், அது 9680 ஆம் துண்டத்தில் இருத்தல் வேண்டும். அவ்வாறிருப்பின் கணக்குச் சரியென உறுதிப்படும். முன்னே ஒதுக்கப்பட்டவை 32 துண்டங்களாயின், எஞ்சிய 8112 துண்டங்கள் இரு அட்டவணைகளுக்கு உரியன, ஒவ்வொன்றுக்கும் 4056. அழிந்த தொடக்கத் துண்டம் கூறியிருக்கக்கூடிய செய்திகளுட் பெரும்பாலன இவ்வாறு மீளப் பெறப்படுகின்றன. பள்ளிக் கணிதத்தின் ஒருங்கமை சமன்பாடுகள் ஒரு குடும்பத்தின் நிழற்படங்களை மீட்டுத் தருதல் இங்ஙனமே. பிரான்சு நாட்டவரான கிறிஸ்தோவ் கிறெனியே எழுதிய ரெஸ்ற்டிஸ்க் என்னும் கட்டற்ற நிரல், தொலைந்த பிரிவுகளைத் தேடுதலோடு, கெட்ட தொடக்கத் துண்டங்களை மீளக் கட்டும் இத்தகைய பணியையுஞ் செய்கின்றது.

நிரலின்றி மீட்டல்

பட்டியல்கள் யாவும் முற்றாக அழிந்தவிடத்து இறுதி வழியொன்றுண்டு. அது கோப்பின் உள்ளடக்கத்தையே சான்றாகக் கொள்வது. பல்வகைக் கோப்புகள் தத்தமக்குரிய குறியுடன் தொடங்குகின்றன. ஜே.பி.ஈ.ஜி. வகை நிழற்படம் 255, 216, 255 என்னும் மூன்று பைற்றுகளுடன் தொடங்கி 255, 217 என்னும் இரண்டுடன் முடிகின்றது. சுருக்கப்பட்ட சிப் வகைக் கோப்பு பீ, கே என்னும் இரு ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும். அவை அவ்வகையை வகுத்த பில் காற்ஸ் என்பவரின் பெயரெழுத்துகளாகும். இக்காலத்து வேட் ஆவணங்களும் உள்ளே சிப் வகையினவாதலின் அவ்வெழுத்துகளுடனேயே தொடங்குகின்றன. தட்டு முழுவதையும் வாசித்து, இக்குறிகளைக் கண்டவிடத்துத் தொடங்கி முடிவு வரை வெட்டியெடுப்பின், பெயரிழந்த கோப்புகள் ஒன்றொன்றாக வெளிப்படும். கிறெனியேயின் போட்டோறெக் என்னும் நிரல் இவ்வழியிற் செல்வது.

இம்முறையிற் பெயரும் கோப்புறையும் மீள்வதில்லை. ஆயினும் நிழற்படத்தின் உள்ளேயே படம்பிடித்த நாளையும் நேரத்தையும் கருவி பொறித்திருக்குமாயின், அதனைக்கொண்டு ஆயிரம் படங்களையும் நிரற்படுத்தலாம். தொடர்பு ஏட்டிலேயே பொதிந்திருக்கும் அந்தாதியின் நன்மை ஈண்டு மீண்டும் வெளிப்படுகின்றது.

இம்முறையின் பெருங்குறை, கோப்பு பல துண்டுகளாகச் சிதறிக்கிடப்பின் முதற்றுண்டுக்கு மேல் எடுக்கவியலாமையாகும். சிம்சன் கார்பிங்கெல் என்னும் ஆய்வாளர், பிறர் பயன்படுத்திய முந்நூற்றுக்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட கட்டுரையில், ஜே.பி.ஈ.ஜி. கோப்புகளில் நூற்றுக்கு 16 வீதமும் வேட் ஆவணங்களில் நூற்றுக்கு 17 வீதமும் சிதறியிருந்தமையைக் காட்டினார். எனவே இவ்வகைக் கோப்புகளுட் பெரும்பாலன தொடர்ச்சியாகவே கிடந்தன என்பதும், எஞ்சியவற்றை இவ்வெளிய முறை கைவிடும் என்பதும் ஒருங்கே பெறப்படுகின்றன.

தொடர்ச்சியின் அருமையைக் காட்டும் நிகழ்ச்சியொன்று உண்டு. 2003 ஆம் ஆண்டு பெப்புருவரி முதலாம் நாள் கொலம்பியா விண்ணோடம் தரைக்கு மீளும் வழியில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தின் வானிற் சிதறியது. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். செனன் வாயுவின் பாகுத்தன்மையை ஆராய்ந்த பரிசோதனையொன்றின் தரவு, வீழ்ந்த சிதைபொருள்களிடையே அகப்பட்ட வன்தட்டில் இருந்தது. கருகிய அத்தட்டினின்றும் மீட்பு வல்லுநர் நூற்றுக்கு 99 வீதமான தரவைப் பெற்றனர். தரவு எழுதப்பட்டிருந்த பரப்புப் பழுதுறாதிருந்தமையோடு, அத்தட்டு டொஸ் என்னும் பழைய பணிசெயல் முறைமையின்கீழ்ப் பாதியளவே நிரம்பியிருந்தமையால் தரவு சிதறாது ஓரிடத்தே தொடர்ந்து கிடந்தமையும் அதற்கு உதவிற்று. அப்பரிசோதனையின் முடிவுகள் 2008 இல் ஆய்விதழில் வெளிவந்தன. மாண்டோரை மீட்க எவராலும் இயலவில்லை. அவர்தம் பணி மட்டும் வீண்போகாது காக்கப்பட்டது.

மீளாதன

மீட்பின் எல்லையையும் அறிதல் வேண்டும். ஒரு துண்டத்தின்மீது வேறு தரவு எழுதப்பட்டுவிடின் பழையது போயிற்று. மேலெழுதப்பட்ட காந்தக் குறிகளின் எச்சத்தினின்றும் பழையதை வாசித்தல் கூடும் எனப் பீற்றர் குற்மன் 1996 இல் எழுதிய கட்டுரையைச் சான்றாகக் கொண்டு, 35 முறை மேலெழுதினாலன்றித் தரவு அழியாது என்னும் எண்ணம் பரவியது. இன்றைய நெருக்கமான பதிவுடைய தட்டுகளில் ஒருமுறை மேலெழுதுதலே போதுமானது. ஆதலின் சிதைந்த தட்டிலேயே மீட்பு நிரலை நிறுவுதலும், மீட்ட கோப்புகளை அதே தட்டில் இடுதலும் தன் வீட்டைத் தானே கொளுத்துதல் போலாம்.

சுழலுந் தட்டில்லாத திண்மநிலைச் செலுத்திகளில் நிலைமை வேறு. 2009 இல் வெளிவந்த விண்டோஸ் 7 தொடக்கம், கோப்பு நீக்கப்பட்டவுடன் அதற்குரிய இடம் இனி வேண்டாம் எனச் செலுத்திக்கு அறிவிக்கும் வழக்கம் பரவியது. அவ்வறிவிப்பைப் பெற்ற செலுத்தி அவ்விடங்களைத் தானே துடைத்துவிடுகின்றது. நீக்கிய கோப்பு கொத்துகளிற் காத்துக்கிடக்கும் என்னும் கூற்று அங்கே பொருந்தாது. மறைகுறியாக்கப்பட்ட தட்டில் திறவுகோற் செய்தி அழிந்து, அதன் படியும் இல்லையாயின், துண்டங்கள் யாவும் நலமாயிருப்பினும் அவற்றாற் பயனில்லை.

முடிவுரை

கோப்பு முறைமை சிதைந்தவிடத்து இழக்கப்பட்டது பெரும்பாலும் பொருளன்று, பொருளின் நிரலேயாம் என்பது இதுகாறும் கூறியவற்றாற் புலப்படும். அந்நிரலைப் படியிலிருந்தும், கணக்கிலிருந்தும், பொருளின் உள்ளமைப்பிலிருந்தும் மீளப் பெறலாம்; பெறவியலாதாக்குவது உரியவரின் விரைவேயாகும். நிறுத்துதல், படியெடுத்தல், படியையே ஆராய்தல், மீட்டதை வேறிடத்திற் சேர்த்தல் என்னும் நான்கும் இவ்வரிசையிற் செய்யப்படல் வேண்டும்.

இவற்றினும் மேலானது, மீட்பு வேண்டாத நிலையை முன்னரே அமைத்துக்கொள்ளுதல். சி.ஐ.எச். நாளில் அருகிருந்த படி மூலத்தோடு மாய்ந்தது; தொலைவிலிருந்த படி தப்பியது. அட்டவணைக்கு உண்மையான அவ்விதி கோப்புக்கும் உண்மையாம். ஒரே தட்டில் இரு கோப்புறைகளில் வைப்பதும், ஒரே மேசையில் இரு தட்டுகளில் வைப்பதும் படியென எண்ணத்தக்கனவல்ல. கல்லூரியின் பதிவேடாயினும், ஆய்வாளரின் குறிப்பாயினும், ஒரு படி வேறொரு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். அது வாசிக்கக்கூடியதாக உள்ளதா என்பதை இடையிடையே திறந்து பார்த்தலும் வேண்டும். திறந்து பாராத படி, உண்டு என்னும் நம்பிக்கையை மட்டுமே தருவது.